வேலம்மா சாப்பிட்டுவிட்டு வந்தாரா?

நரம்பு தேடுவது, ஊசி குத்துவது, குழாயில் பெயர் ஒட்டுவது, இதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். ஆராய்ச்சிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நர்சுகளுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டபோது, நான் சாமர்த்தியமாக நடந்துகொண்ட சம்பவங்களைத்தான் முதலில் யோசித்தேன். மூன்று தேறின. மூன்றையும் எழுதிப் படித்துப் பார்த்தேன். எனக்கே கொட்டாவி வந்தது. ஆகவே, நான் ஒரு முட்டாள்தனம் செய்து, ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணள்ளிப் போட இருந்து, மயிரிழையில் தப்பித்ததை எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு என்னைப் பற்றிக் கொஞ்சம் மட்டமாக நினைத்தாலும் பரவாயில்லை. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், இனி என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

காலை ஆறு மணிக்கே ஐஸ் பெட்டி வந்துவிட வேண்டும் என்ற விதியைப் பார்த்து நீங்கள் முணுமுணுப்பதாகக் கேள்விப்பட்டேன். கொடைக்கானல் குளிரில், விடிவதற்கு முன்னால், எவள் இப்படி ஒரு விதியைப் போட்டாள் என்று திட்டுகிறீர்களாம். நான்தான் போட்டேன். எப்படிப் போட்டேன் என்பதுதான் கதை.

சில வருடங்களுக்கு முன்பு, மதுரையிலிருந்து ஒரு டாக்டரம்மா வாரம் ஒரு நாள், வியாழக்கிழமைகளில், எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தார். உடல் பருமனும் சர்க்கரையும் அவருடைய துறை. அதிகம் பேசமாட்டார். பேசினால் கேள்வியாகத்தான் பேசுவார். உடம்பு பெருத்த பெண்கள் தினமும் வேர்க்க விறுவிறுக்க உடற்பயிற்சி செய்தால் அவர்களுடைய பசி என்ன ஆகிறது என்பதை ரத்தத்தில் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பசியைக் கிளப்புவதற்கு ஒரு ஹார்மோன் இருக்கிறது. வெறும் வயிற்றில் ஏறி நிற்கும், சாப்பிட்டதும் இறங்கும். போதும் என்று சொல்வதற்கு வேறு சில ஹார்மோன்கள். நடையும் ஓட்டமும் இவற்றை எந்தப் பக்கம் சாய்க்கின்றன என்பது அவருடைய கேள்வி.

அந்தக் கேள்வியைப் பெண்களிடம் எடுத்துச் சொல்லி ஆள் சேர்க்கும் வேலை எனக்கு. ஒரு அம்மா நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நடந்தாப் பசிக்கும். பசிச்சாத் திங்கணும். தின்னா மறுபடி நடக்கணும். நான் பாட்டுக்கு ஒரு ஓரமா ஒக்காந்திருந்தா ரெண்டு சோலியும் மிச்சந்தானே சிஸ்டரு?” ஆராய்ச்சியின் சாரத்தை இவ்வளவு சுருக்கமாக நான் வேறெங்கும் கேட்டதில்லை. அவரும் சேர்ந்தார்.

மொத்தம் பன்னிரண்டு பேர். மூன்று மாதம். முதலில் ஏரியைச் சுற்றி நடக்கலாம் என்று திட்டம் போட்டோம். ஒரே நாளில் அது முடிந்துபோனது. “டூரிஸ்ட்டுக எங்களப் போட்டோ எடுக்குறதுக்கா கூப்பிட்டீங்க?” என்று கேட்டுவிட்டார்கள். அப்புறம் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து ஹாலில், தச்சரிடம் சொல்லிச் செய்த மரப்படிகளில் ஏறி இறங்கினார்கள். சேலை, சேலைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் கேன்வாஸ் ஷூ. முதல் வாரம் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தே பாதி மூச்சு போய்விட்டது. மூன்றாவது வாரத்தில் பாட்டுப் போட்டால் ஹால் அதிர்ந்தது.

தொடக்கத்தில் ஒரு நாள், ஆறாவது வாரத்தில் ஒரு நாள், முடிவில் ஒரு நாள் ரத்தம் எடுக்க வேண்டும். அந்த நாட்களில் எல்லோரும் வெறும் வயிற்றோடு வருவார்கள். வந்ததும் ஒரு குழாய், பயிற்சி முடிந்ததும் ஒரு குழாய். அந்தப் பசி ஹார்மோனுக்கு ரோஷம் ஜாஸ்தி. உடம்பை விட்டு வெளியே வந்தபின் சில்லென்று வைக்காவிட்டால் கொஞ்ச நேரத்தில் குறைந்துவிடும். டாக்டரம்மா எனக்குக் கொடுத்த தாளில் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார்: எடுத்த உடனே ஐஸில்.

நான் அந்த வரியைப் படித்தேன். சிரித்துக்கொண்டேன். மதுரைக்காரர்கள் எழுதியது, கத்திரி வெயிலை நினைத்துக்கொண்டு எழுதியிருப்பார்கள் என்று முடிவு கட்டினேன். மார்கழிக் காலையில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் விரல் மரத்துப்போகிற ஊரில் ஐஸ் எதற்கு? ஊரே ஐஸ் பெட்டிதானே? லேப் ஆள் ஏழு மணிக்கு ஐஸ் பெட்டியோடு வருவார். அதுவரை எடுக்கிற குழாய்கள் சும்மா இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று இருந்துவிட்டேன்.

ஆனால் அந்த நேரத்தில் எடுப்பது ஒரே ஒரு குழாய்தான். அது வேலம்மாவுடையது.

வேலம்மாவுக்கு மன்னவனூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையலர். நாற்பது வயதுக்குமேல் இருக்கும். முழங்கால் வலி என்று காட்ட வந்தவரை டாக்டரம்மா எடையைக் குறைக்கச் சொல்லி இதில் சேர்த்துவிட்டார். மன்னவனூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு முதல் பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை. அதனால் வெகு தூரத்திலிருந்து வருகிறவர் முதலில் வந்துவிடுவார், ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரில் குடியிருக்கிறவர் கடைசியில் வருவார். பன்னிரண்டு பேரில் வேலம்மாதான் எப்போதும் முதல் ஆள். ஆறரை மணிக்கு ஹாலில் அவரும் நானும் மட்டும் இருப்போம்.

அவருடைய குழாயை நான் என்ன செய்தேன் தெரியுமா? என் ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டேன். மேஜையில் வைத்தால் சால்வையை இழுத்துப் போர்த்துகிறவர்கள் யாராவது தட்டிவிடுவார்கள் என்று பயம். ஒருமுறை அப்படி ஒரு குழாய் உடைந்திருக்கிறது. கொடைக்கானலில் முப்பது வருடம் இருந்தவளுக்குச் சாவி, பேனா, சில்லறை, மாத்திரை எல்லாம் ஸ்வெட்டர் பைதான். ஊர்க் குளிரை நம்பி ஐஸை விட்டேன். அதே குளிருக்காகப் போட்ட கம்பளிக்குள், என் உடம்புச் சூட்டோடு ஒட்டி, அரை மணி நேரத்துக்கு மேல் அந்தக் குழாயைப் பொத்தி வைத்தேன். இரண்டையும் செய்தது ஒரே ஆள்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று அந்த ஆளுக்கு உறைக்கவே இல்லை.

ஆறாவது வாரத்து ரிசல்ட் வந்த வியாழக்கிழமை, டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். பதினொரு பேருக்கு ஒரு மாதிரி இருந்தது. பயிற்சிக்கு முன்னால் பசி ஹார்மோன் ஏறி நின்றது, பயிற்சி முடிந்ததும் இறங்கியிருந்தது. வேலம்மாவுக்கு மட்டும் தலைகீழ். வெறும் வயிற்றில் எடுத்ததில் சாப்பிட்டு முடித்தவர் மாதிரிக் கீழே கிடந்தது. பயிற்சிக்குப் பிறகு மேலே இருந்தது. தொடக்கத்தில் எடுத்ததிலும் அப்படியே.

“சாப்பிட்டுட்டு வர்றாங்களோ?” என்றார் டாக்டரம்மா. “கேட்டுப் பாருங்க சிஸ்டர். தனியாக் கேளுங்க.”

சர்க்கரை அளவும் அதே தாளில் இருந்தது. சாப்பிடாதவருக்கு இருக்க வேண்டிய அளவில்தான் இருந்தது. நான் அதைப் பார்க்காமல் இல்லை. எதையோ கொஞ்சமாகக் கடித்திருப்பார், அதற்குள் சர்க்கரை இறங்கியிருக்கும் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். ஒருவர் பொய் சொல்கிறார் என்று நாம் முடிவு கட்டிவிட்டால், அவர் பக்கம் பேசுகிற எண்ணையும் நாம் நம் பக்கத்துக்கு இழுத்துக்கொள்வோம். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, தானாகவே வரும்.

டாக்டரம்மா தனியாகக் கேட்கச் சொன்னார். நான் தனியாகவும் கேட்கவில்லை, கேட்கவும் இல்லை. அன்றைக்கு வகுப்பு முடிந்து எல்லோரும் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, எனக்கே உரிய உரத்த குரலில் சொன்னேன்: “வேலம்மா, உண்மையைச் சொல்லு. ரத்தம் எடுக்கிற அன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டுட்டு வந்த?”

“ஒண்ணுமே இல்லயே சிஸ்டரு. பச்சத்தண்ணி ரெண்டு மொடக்கு.”

“ரத்தம் பொய் சொல்லாது.”

பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னார்: “சத்துணவு ஆயாவுக்கு முட்டைக்கா பஞ்சம்?” இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். வேலம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெண்ணை அதட்டியிருக்க வேண்டும். அதட்டவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது என்பதுதான் உண்மை. வேலம்மா ஒரு காலில் மாட்டியிருந்த ஷூவோடு அப்படியே எழுந்து, மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் அவர் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. ஒரு ஆள் குறைந்தால் கணக்குக் குறையுமே என்றுதான் நான் கவலைப்பட்டேன்.

திங்கட்கிழமை மதியம் வந்தார். கையில் மாற்றுச் சேலை வைத்த ஒரு பை.

“சிஸ்டரு, ராத்திரிக்கு என்னய இங்கயே ஒரு கட்டில்ல போடுங்க. ஆளு வச்சுக் காவலிருங்க. காலையில ரத்தத்த எடுத்துப் பாருங்க” என்றார்.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. மாணவர்களுக்கு வருகிற முட்டையை வேலம்மா சாப்பிடுகிறார் என்று அவருடைய ஊரில் யாரோ மனுக் கொடுத்திருந்தார்கள். அது ஒரு மாதமாகக் கிடப்பில் கிடந்தது. நான் ஹாலில் கேட்ட கேள்வி அன்றைக்கே பஸ் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தத்தை எடுத்துப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்களாம், அவள் திருட்டுத்தனமாகத் தின்கிறாளாம் என்று ஊர் முழுக்கப் பேச்சு. மனுக் கொடுத்தவர் மறுபடி எழுதியிருந்தார், இந்த முறை எங்கள் ஆஸ்பத்திரியைச் சாட்சியாகப் போட்டு. புதன்கிழமை ஒரு அலுவலர் நேரில் வந்து விசாரிக்கப்போகிறார்.

“பதினாலு வருசமா ஆக்கிப் போடுறேன் சிஸ்டரு. எம் புள்ளைகளும் அந்தச் சோத்தத் தின்னுதான் வளந்துச்சுக. ஒடம்பு பெருத்துப் போச்சுன்னா நான் என்ன பண்ண? வேலை போனாக்கூட கேரட்டுக் கழுவுற கூலி வேலைக்குப் போயிருவேன். புள்ளைக வாயில இருந்து புடுங்கித் தின்னான்னு பேரு வந்துட்டா அந்த ஊருல நான் எப்படி நடப்பேன்?”

இவ்வளவையும் அழாமல் சொன்னார். அப்போதும் நான் என்னைச் சந்தேகப்படவில்லை. பாவம், சாப்பிட்டிருந்தாலும் பெரிதுபடுத்தியிருக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பெரிய மனசு எனக்கு.

பெண்கள் வார்டில் ஒரு கட்டில் கொடுத்தோம். எட்டு மணிக்கு இரண்டு சப்பாத்தி சாப்பிட்டார். அதற்குப் பிறகு தண்ணீரைத் தவிர வேறொன்றும் உள்ளே போகவில்லை என்பதற்குப் பக்கத்துக் கட்டில்கள் எல்லாம் சாட்சி.

காலை ஆறரை மணிக்கு ரத்தம் எடுத்தேன். பெயர் எழுதி ஒட்டினேன். குழாயை ஸ்வெட்டர் பையில் போட்டேன்.

வேலம்மா பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு கேக்கட்டா சிஸ்டரு? கோவிச்சுக்கிற மாட்டீங்களே?”

“கேளு.”

“மத்தவுக ரத்தத்தையெல்லாம் ஐஸ் பெட்டியில வைக்கிறீங்க. எனதை மட்டும் எப்பவும் ஒங்க பைக்குள்ள வச்சுக்கிறீங்க. நாந்தான் வெள்ளனே வந்து ஒக்காந்திருக்கேன்ல, பாத்துக்கிட்டே இருப்பேன். அம்புட்டுத் தூரத்துல இருந்து வர்றாளேன்னு நம்ம மேல ஒரு பிரியம்போலன்னு நெனச்சேன். வீட்டுக்காரருகிட்டக்கூடச் சொன்னேன்.” பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்தினார். “அப்படி வச்சிருந்தவுகளே என்னயத் திருடின்னுட்டீங்களே, அதுதான் தாங்க முடியல.”

நான் கையைப் பைக்குள் விட்டேன். குழாயை எடுத்தேன். கோழி அப்போதுதான் இட்ட முட்டை மாதிரி வெதுவெதுவென்று இருந்தது.

மருத்துவத்தில் சில விஷயங்கள் மெல்லப் புரியும். இது அப்படியில்லை. சிவப்பு அடிக்கோடு, தலைகீழாக இருந்த எண், சரியாக இருந்த சர்க்கரை, பயிற்சிக்குப் பிறகு ஐஸில் போன இரண்டாவது குழாய் மட்டும் உயர்ந்திருந்தது, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து முகத்தில் அறைந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வேலம்மா பயந்துபோய், “என்னாச்சு சிஸ்டரு, மயக்கம் வருதா?” என்று என் கையைப் பிடித்தார். ரத்தம் கொடுத்தவர் எடுத்தவளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் குழாயைக் கொட்டிவிட்டு இன்னொன்று எடுத்து, சமையலறை ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் வாங்கி, அதில் வைத்து அனுப்பிவிடலாம். எண் சரியாக வரும். இந்த முறை வேலம்மா ஒழுங்காக வந்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம். அவருக்கும் வேலை தப்பும், என் பெயரும் தப்பும். முதல் இரண்டு முறையும் அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார் என்ற பேச்சு மட்டும் அப்படியே நிற்கும். நிற்கட்டுமே, யார் செத்துப்போனார்கள்? இந்த யோசனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உங்களுக்கும் ஒருநாள் வரும். வரும்போது ஆச்சரியப்படாதீர்கள், எல்லோருக்கும் வருவதுதான். வந்ததும் யாருக்காவது போன் போடுங்கள்.

நான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். வேலம்மா பக்கத்தில் இருக்கும்போதே, அவர் காதில் விழ, நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

“இன்னொரு குழாய் எடுங்க சிஸ்டர்” என்றார். “அதை உடனே ஐஸ்ல வைங்க. பைக்குள்ள இருக்கிறதை வழக்கமா எவ்வளவு நேரம் வைப்பீங்களோ அவ்வளவு நேரம் பைக்குள்ளேயே வைங்க. ரெண்டையும் அனுப்புங்க.”

“ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகுமே டாக்டர். நாளைக்கு விசாரணை.”

“இப்ப உங்களுக்கு நிச்சயமாத் தெரிஞ்சது என்ன?”

யோசித்தேன். “அவங்க சாப்பிடலைன்னு...”

“அது உங்களுக்குத் தெரியாது.”

“நான் ரத்தத்தைத் தப்பா வச்சேன். அது தெரியும்.”

“அதை மட்டும் போய்ச் சொல்லுங்க. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.”

புதன்கிழமை காலை நான் மன்னவனூர் பஸ்ஸில் இருந்தேன். பூம்பாறை தாண்டும்போது வெயில் வந்தது. பூண்டு வயல்கள் படிப்படியாகத் தெரிந்தன. நான் எதையும் ரசிக்கிற நிலையில் இல்லை. சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நான் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போது சாம்பார் வாசனை வந்தது. விசாரணை இருந்தாலும் குழந்தைகள் சாப்பிட வேண்டுமே, வேலம்மா அடுப்படியில் கிண்டிக்கொண்டிருந்தார். வராந்தாவில் நாற்காலி போட்டு அலுவலர் உட்கார்ந்திருந்தார். நல்ல பருமனான ஆள், சட்டைப் பொத்தான்கள் திணறிக்கொண்டிருந்தன. தலைமை ஆசிரியை நின்றுகொண்டிருந்தார். பெற்றோர்கள் பத்துப் பதினைந்து பேர் சுவரோரம் நின்றார்கள். மனுக் கொடுத்தவர் முன்னால் நின்றார்.

நான் யார் என்று சொன்னேன். பிறகு சொன்னேன்: “போன வாரம் ஆஸ்பத்திரியில இவங்களைப் பத்தி ஒரு பேச்சு வந்துச்சு. அதைச் சொன்னது நான்தான். அது தப்பு. ரத்தத்தை எடுத்ததும் ஐஸ்ல வைக்கணும். மத்தவங்களுடையதை வச்சேன். இவங்களுடையதை வைக்கலை. என் ஸ்வெட்டர் பையில வச்சிருந்தேன். அதனால இவங்க ரிசல்ட்டை வச்சு யாரும் எதுவும் சொல்ல முடியாது. சொன்னது என் தப்பு. எல்லார் முன்னாடியும் சொன்னேன், அதனால எல்லார் முன்னாடியும் சொல்றேன்.”

மனுக் கொடுத்தவர் விடவில்லை. “அப்ப இந்தம்மா முட்டையத் திங்கலன்னு ஒங்களால சொல்ல முடியுமா?”

அடுப்படி வாசலில் வேலம்மா வந்து நிற்பது தெரிந்தது. கையில் கரண்டி. என் நாக்கு நுனிக்கு ‘முடியும்’ என்ற வார்த்தை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் தெரியாததைத் தெரியும் என்று சொல்லித்தானே இவ்வளவும் வந்தது?

“முடியாது” என்றேன். “எனக்குத் தெரியாது. ஆனா உங்களுக்கும் எங்க ஆஸ்பத்திரி மூலமாத் தெரியாது. எங்க பேரைச் சொல்லாம, நீங்க கண்ணால பாத்தது இருந்தாச் சொல்லுங்க.”

அலுவலர் அவரைத் திரும்பிப் பார்த்தார். “பாத்தீங்களா?”

“பாக்கணுமாக்கும்? ஆள் ஒடம்பப் பாத்தாத் தெரியல?”

அலுவலர் மெதுவாகக் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். “அப்ப என்னயப் பாத்தா என்னய்யா தெரியுது? எந்தப் பள்ளிக்கூடத்து முட்டை?”

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. தலைமை ஆசிரியையாகத்தான் இருக்க வேண்டும், அவர்தான் சட்டென்று சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டார். அப்புறம் சுவரோரம் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். மனுக் கொடுத்தவரே பல்லைக் காட்டினார். வேலம்மா சிரிக்கவில்லை. “முட்டை வெந்திருச்சு, வந்து எண்ணிக்கிருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அலுவலர் அப்படியே செய்தார். சாப்பாட்டு மணி அடித்து, ஒவ்வொரு தட்டிலும் முட்டை விழுகிற வரை இருந்து பார்த்தார். பெற்றோர்களைத் தனித்தனியாகக் கேட்டார். யாரும் எதையும் பார்த்ததில்லை. கேள்விப்பட்டதுதான், அதுவும் பாதிக்கு மேல் என்னால் கேள்விப்பட்டது. மனுவில் ஆதாரம் இல்லை என்று எழுதிக்கொண்டு அவர் ஜீப்பில் ஏறினார். பள்ளிக்கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று நாலு மூச்சு நன்றாக இழுத்து விட்டேன். வேலம்மா ஒரு தம்ளரில் கடுங்காப்பி கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கொடுத்தாரே, அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது.

மறுநாள் ஹாலில், பன்னிரண்டு பேர் முன்னாலும் அதையே சொன்னேன். வேலம்மாவும் வந்திருந்தார். முட்டை என்று சொல்லிச் சிரித்த பெண் எழுந்து போய் அவர் பக்கத்துப் படியில் நின்றுகொண்டார். “பாட்டப் போடுங்க சிஸ்டரு, நேரமாகுது” என்றார் வேலம்மா. பாட்டைப் போட்டேன். முதல் இரண்டு முறை எடுத்தது கெட்டுப்போனதால் அவருடைய எண்களை ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது என்று டாக்டரம்மா அவரிடமே சொன்னார். இனி வர வேண்டிய கட்டாயம் இல்லை என்றும் சொன்னார். “எங் காலு வலி ஆராய்ச்சிக்காகவா கொறையுது?” என்று கேட்டுவிட்டு வேலம்மா கடைசி நாள் வரை முதல் பஸ்ஸில் வந்தார். டாக்டரம்மா தன் குறிப்பேட்டில், மாதிரியைச் சேகரித்தவரின் பிழை என்று எழுதி, அதற்குக் கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். ஐஸ் பெட்டி ஆறு மணிக்கே வந்துவிட வேண்டும் என்ற விதியையும் அன்றைக்கே போட்டேன். அந்த ஆராய்ச்சியின் முடிவு என்னவென்று என்னைக் கேட்காதீர்கள். அதைச் சொல்ல வேண்டியவர் அவர். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்வது என்று அந்தப் புதன்கிழமையிலிருந்து வைத்திருக்கிறேன்.

இரண்டு குழாய்களின் ரிசல்ட் ஒரு வாரம் கழித்து வந்தது. அந்த ஒரு வாரம் நான் பட்ட பாட்டை எழுதி மாளாது. விசாரணை முடிந்துவிட்டது, வேலம்மாவின் வேலைக்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும், ஒருவேளை இரண்டு குழாயிலும் ஒரே எண் வந்துவிட்டால்? நான் பழி ஏற்றுக்கொண்டது பொய்யாகி, வேலம்மா மறுபடி அகப்பட்டுக்கொண்டால்? தட்டில் போட்டது தட்டிலேயே இருக்கும். பசி என்று ஒன்று எனக்கு வரவே இல்லை.

டாக்டரம்மா போனில் சொன்னார்: ஐஸில் வைத்தது மற்ற பதினொரு பேருக்கும் இருந்த மாதிரி உயரத்தில் இருந்தது. பைக்குள் வைத்தது முன்பு இரண்டு முறை வந்த மாதிரியே கீழே கிடந்தது. ஒரே கை, ஒரே நரம்பு, சில நிமிட இடைவெளி. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நன்றி சொல்லக்கூட நிற்காமல் வைத்துவிட்டு, உடனே வேலம்மாவைக் கூப்பிட்டேன்.

“வேலம்மா! ரிசல்ட் வந்திருச்சு! நீங்க சாப்பிடவே இல்லை!”

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு தண்ணீரை நிறுத்தினார்.

“அது எனக்கு மொதல்லயே தெரியுமே சிஸ்டரு” என்றார் வேலம்மா. “ஒங்களுக்குத்தான் இன்னைக்குத் தெரிஞ்சிருக்கு. போங்க, போயி நிம்மதியாச் சாப்பிடுங்க.”

போனை வைத்தேன். அப்புறம் எனக்கு நன்றாகப் பசித்தது.